முகமும் நிறையும்: மாந்தைப் பொற்காசு பற்றிய ஒரு மறுவாசிப்பு

வன்னிப் பெருநிலத்தின் மேற்கு வாசலான மாந்தையில் உரோமப் பொற்காசு ஒன்று கிடைத்ததாகச் சொல்லும் பழைய பதிவு தியோகோ டு கூட்டோ என்ற போர்த்துக்கேய வரலாற்றாசிரியருடையது. 1574 அல்லது 1575ஆம் ஆண்டில் மன்னார்க் கோட்டையின் கப்பித்தான் எதிர்க்கரை இடிபாடுகளிலிருந்து கல் எடுப்பித்தார். அப்போது அத்திவாரக் கல்லொன்றின் கீழே ஓர் இரும்புச் சங்கிலியும் சில காசுகளும் அகப்பட்டன என்று கூட்டோ எழுதுகிறார். அவற்றுள் ஒன்று பொன். அதன் ஒரு பக்கம் தேய்ந்துபோயிருந்தது. மறுபக்கத்தில் மார்புக்கு மேலான ஒரு மனித உருவம். அதைச் சூழ ஓடிய எழுத்துக்களிற் பல அழிந்திருந்தன. தொடக்கத்திலிருந்த 'சி' என்ற இலத்தீன் எழுத்து தெளிவாகத் தெரிந்தது. அந்த எழுத்தைப் பற்றிக்கொண்டு, அது கிளவ்தியஸ் சக்கரவர்த்தியின் காசு என்று கூட்டோ முடிவு கட்டுகிறார்.

கிளவ்தியஸின் காசுகளை அறிந்தவர்களுக்கு இந்த முடிவு வியப்பளிக்கும். அவரது காசுகளின் சுற்றெழுத்து, திபேரியஸ் என்ற அவரது முதற்பெயரின் சுருக்கத்தோடுதான் தொடங்கும். 'சி' என்ற எழுத்தில் தொடங்காது. 'சீசர்' என்ற பட்டமும் அதே எழுத்தில்தான் தொடங்குகிறது. அதுவோ சக்கரவர்த்திகள் அனைவருக்கும் பொதுவானது. அப்படியிருக்கக் கூட்டோவுக்குக் கிளவ்தியஸ் எங்கிருந்து வந்தார்? பிளினியின் நூலிலிருந்து வந்தார். கிளவ்தியஸின் காலத்தில் ஓர் உரோமர் இலங்கைக் கரையில் ஒதுங்கிய கதையைக் கூட்டோ வாசித்திருந்தார். கையில் ஒரு கதை இருந்தது. கதைக்கு ஒரு சான்று தேவைப்பட்டது. மண்ணுக்குள்ளிருந்து ஒரு காசு வந்தது. தேய்ந்த இடங்களைக் கதை நிரப்பிக்கொண்டது.

நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்திய இந்தச் சின்னச் சம்பவத்தை இங்கு எடுத்துப் பேசுவதற்குக் காரணமுண்டு. பழைய காசுகளை நாம் இன்றும் கூட்டோவைப் போலவேதான் வாசித்துக்கொண்டிருக்கிறோம். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற மூன்று தரப்பு எழுத்துக்களிலும் காசு என்பது முன்கூட்டியே எழுதிவைத்த ஒரு கதையின் முத்திரையாகவே வருகிறது. காசை அடித்த அரசனின் முகத்தைப் பார்க்கிறோம். அதைக் கையில் வைத்திருந்த மனிதரைப் பார்ப்பதில்லை. உரோமப் பொற்காசுகள் குறித்து நமது பிரதேசத்தோடு தொடர்புடைய சில எழுத்துக்களை அந்த இரண்டாவது பக்கத்திலிருந்து வாசித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் முயற்சி.

1

பிளினியின் 'இயற்கை வரலாறு' கி.பி. 77இல் அர்ப்பணிக்கப்பட்ட நூல். அதன் ஆறாம் பாகத்தில் இக்கதை வருகிறது. செங்கடற் பகுதியின் வரிக் குத்தகையை எடுத்திருந்த அன்னியஸ் புளோக்கமஸ் என்பவரின் விடுதலை பெற்ற அடிமையொருவர், அரேபியக் கரையோரம் கப்பலோட்டுகையில் காற்றில் அடிபட்டு, பதினைந்தாம் நாள் தப்ரபேனின் ஹிப்புரி என்ற துறையை அடைந்தார். இந்த ஹிப்புரியை மன்னாருக்குத் தெற்கேயுள்ள குதிரைமலையோடு இணைத்துப் பார்த்தவர்களில் எமர்சன் தென்னென்ட் ஒருவர். அரசன் அவரை ஆறு மாதங்கள் உபசரிக்கிறான். அவரிடமிருந்த பணத்தைப் பார்க்கிறான். அவை தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசுகள். அவற்றிலிருந்த உருவங்கள் வேறு வேறு. அடித்தவர்களும் வேறு வேறு. ஆயினும் எல்லாக் காசும் ஒரே நிறை. அதைக் கண்டு உரோமரின் நேர்மையை மெச்சி, றாக்கியஸ் என்பவரின் தலைமையில் நான்கு தூதுவர்களை அனுப்பிவைக்கிறான்.

இக்கதையில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அரசன் முகங்களைப் பார்க்கிறான். முகங்கள் மாறிக்கொண்டிருப்பதையும் பார்க்கிறான். ஆனால், அவன் மதிப்பது நிறையை. ஆட்சியாளர் மாறியும் அளவை மாறவில்லை என்பதே அவனுக்குப் பெரிதாகத் தெரிகிறது. பிளினி இதை உரோமின் புகழாகத்தான் எழுதுகிறார். ஆனாலும் அவரையறியாமலே தராசு பிடித்த ஒரு மனிதனை நமக்குக் காட்டிவிடுகிறார்.

இரண்டாவது கதை ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் கழிந்து வருகிறது. 'கிறிஸ்தவ நிலவியல்' என்ற நூலைக் கி.பி. 6ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதிய கொஸ்மஸ், சோபாத்ரோஸ் என்ற வணிகரைப் பற்றிச் சொல்கிறார். செங்கடலின் அதுலிஸ் துறையிலிருந்து வந்த கப்பலில் சோபாத்ரோஸ் இலங்கையில் இறங்குகிறார். அதே வேளையில் ஒரு பாரசீகரும் வந்திறங்குகிறார். அதிகாரிகள் இருவரையும் அரசனிடம் அழைத்துச் செல்கின்றனர். உங்கள் இருவருடைய அரசர்களில் யார் பெரியவர் என்று அரசன் கேட்கிறான். தங்கள் மன்னரே பெரியவர் என்று பாரசீகர் முந்திக்கொள்கிறார். சோபாத்ரோஸ் பேசாமலிருக்கிறார். வற்புறுத்திக் கேட்டபோது, இரண்டு அரசர்களும் இங்கேயே இருக்கிறார்கள், நீங்களே பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, இரு நாட்டுக் காசுகளையும் எடுத்துப் பார்க்கச் சொல்கிறார். ஒன்று உரோமரின் பொற்காசு. மற்றது பாரசீகரின் வெள்ளிக் காசு. அரசன் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உரோமரே மேலானவர் என்கிறான். சோபாத்ரோஸை யானைமேல் ஏற்றி மேளதாளத்தோடு நகர்வலம் வரச் செய்கிறான்.

இங்கே நிலைமை தலைகீழாகிவிட்டது. பிளினியின் அரசன் நிறுத்துப் பார்த்தான். கொஸ்மஸின் அரசன் முகத்தைப் பார்த்து மயங்குகிறான். அக்காலத்துச் சொலிடஸ் என்ற பொற்காசில் தலைக்கவசம் அணிந்து ஈட்டி தாங்கிய சக்கரவர்த்தி இருப்பார். பின்புறத்தில் நீண்ட சிலுவையைப் பிடித்தபடி சிறகுள்ள வெற்றித் தேவதை நிற்பாள். பாரசீக வெள்ளிக் காசிலோ ஒருபுறம் முடிசூடிய மன்னன், மறுபுறம் நெருப்புப் பீடம். இரண்டு பேரரசுகளும் தத்தம் மதத்தையும் மகுடத்தையும் ஒரு விரல்நுனியளவு உலோகத்தில் பொறித்து ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்தன. பொன்னையும் வெள்ளியையும் பக்கத்தில் வைத்துவிட்டு, எந்த அரசன் பெரியவன் என்று கேட்பது நேர்மையான போட்டியல்ல. பாரசீகருக்கும் பொற்காசு இருந்தது. ஆனால் அவர்களுடைய புழக்கக் காசு வெள்ளி. சோபாத்ரோஸ் அதை நன்றாக அறிந்தே விளையாடியிருக்கிறார்.

கதையைச் சொல்கிறவர் யார் என்பதும் முக்கியம். கொஸ்மஸ் இதைத் தன் கண்ணால் கண்டதாகச் சொல்லவில்லை. சோபாத்ரோஸும் அவரோடு அதுலிஸிலிருந்து சென்றவர்களும் சொல்லக் கேட்டதாகவே எழுதுகிறார். சோபாத்ரோஸ் இறந்து முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன என்றும் குறிப்பிடுகிறார். அதாவது, வென்ற வணிகரே தம் வெற்றியைச் சொன்ன கதை இது. பாரசீகரின் வாயால் இதே சம்பவம் நமக்குக் கிடைக்கவில்லை. அரசனின் பக்கத்திலிருந்தும் கிடைக்கவில்லை.

ஆனால், கொஸ்மஸ் ஓர் இடத்தில் தம் கதையின் இரகசியத்தைத் தாமே அவிழ்த்துவிடுகிறார். அந்தப் பொற்காசு மாசற்றதாகவும் அழகாகவும் இருந்தது ஏனென்றால், அங்கு கொண்டுபோவதற்கென்று அப்படிப்பட்ட காசுகளையே தெரிந்தெடுக்கிறார்கள் என்கிறார். கடைக்காரர் நல்ல மாம்பழத்தைக் கூடையின் மேலே வைப்பது போன்ற காரியம் இது. ஏற்றுமதிக்கென்று பொறுக்கிய காசைக் காட்டிப் பேரரசின் மகிமையை நிரூபித்த கதையைத்தான் நமது வரலாற்று நூல்கள், பண்டைய இலங்கையின் உலகப் புகழுக்குச் சான்றாக, மீண்டும் மீண்டும் எடுத்தாள்கின்றன.

மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தவை வேறொன்றைச் சொல்கின்றன. இலங்கையில் உரோமப் பொற்காசுகள் கிடைத்தது மிக அரிது. கிடைத்தவற்றிற் பெருந்தொகையானவை கி.பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சிறிய செப்புக் காசுகள். தேய்ந்து, விளிம்பு உடைந்து, உருவம் மங்கிப்போன ஆயிரக்கணக்கான செப்புக் காசுகள். அவை போதாமல், அவற்றைப் பார்த்து இங்கேயே செய்த போலிகளும் புழங்கின. அந்தப் போலிகளில் சக்கரவர்த்தியின் முகம் சில கோடுகளாகச் சுருங்கிவிடுகிறது. அதைச் செய்தவருக்கு அந்த முகம் யாருடையது என்ற அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. சந்தையில் உப்புக்கும் அரிசிக்கும் செல்லுபடியானால் போதும். அரண்மனையில் நடந்ததாகச் சொல்லப்படும் கதைக்கும் சந்தையில் நடந்ததற்கும் இடையிலுள்ள தூரம் இது.

2

கடலுக்கு அப்பால், பாக்கு நீரிணையின் மறுகரையில், பொற்காசுகள் அதிகமாகவே கிடைத்துள்ளன. முசிறித் துறைக்கு யவனர் பொன்னைக் கொண்டுவந்து மிளகை ஏற்றிச் சென்றதை அகநானூற்றின் 149ஆம் பாடல் சொல்கிறது. அந்தப் பொன் என்னவாயிற்று என்பதற்கு ஓர் அசாதாரணமான சான்று புதுக்கோட்டையில் உண்டு. அன்றைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் கறுக்காக்குறிச்சி என்ற ஊரில் 1898இல் 501 உரோமப் பொற்காசுகள் கொண்ட புதையல் கிடைத்தது. ஔரியஸ் என்று சொல்லப்படும் பொற்காசுகள் அவை. அவற்றுட் பிந்தியவை கி.பி. 69 முதல் 79 வரை ஆண்ட வெஸ்பேசியனுடையவை. ஜோர்ஜ் ஹில் என்ற நாணயவியலாளர் அதே ஆண்டில் அவற்றைப் பற்றி எழுதினார்.

அக்காசுகளிற் பத்துக்கு ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் ஒரு வெட்டு இருந்தது. சக்கரவர்த்தியின் முகத்தின் குறுக்கே உளியாலோ கத்தியாலோ போட்ட வெட்டு.

ஏன் வெட்டினார்கள் என்பதற்கு ஆய்வாளர் பல விளக்கங்கள் தந்துள்ளனர். உள்ளே செம்பு இருக்கிறதா என்று சோதிக்க வெட்டினார்கள் என்பது ஒன்று. ஆனால், சோதிப்பதற்கு விளிம்பில் ஒரு கீறல் போதுமே என்ற கேள்வி அதற்கு எதிராக எழுகிறது. தேய்ந்த காசைப் புழக்கத்திலிருந்து நீக்குவதற்காக வெட்டினார்கள் என்பது இன்னொன்று. அந்நிய அரசனின் முகத்தை, அதன் வழியாக அவனது அதிகாரத்தை, ஏற்க மறுத்து வெட்டினார்கள் என்பது மூன்றாவது. இம்மூன்றில் எது சரியானாலும் ஒன்று தெளிவு. அந்த மண்ணில் முகத்துக்கு விலை இருக்கவில்லை, பொன்னுக்கு இருந்தது. வெட்டு விழுந்த பின்னும் காசின் நிறை குறையவில்லை. அதனாற்றான் அதைச் சேமித்துப் புதைத்தார்கள்.

சங்கப் பாடல்களிலும் இதே மனோபாவத்தைக் காணலாம். குறுந்தொகையின் 67ஆம் பாடலில் அள்ளூர் நன்முல்லையார், வேப்பம்பழத்தைக் கௌவிய கிளியின் வளைந்த அலகைப் பொற்காசைப் பிடித்து நூலிற் கோக்கும் பொற்கொல்லனின் கூரிய நகத்துக்கு ஒப்பிடுகிறார். பழத்தின் நிறம், காசின் நிறம், நகத்தின் கூர்மை எல்லாம் அங்கே இருக்கின்றன. காசில் யார் முகம் என்பது இல்லை. காசு என்பது கழுத்தில் கிடக்கப்போகும் ஒரு மணி. பாலைவழியே போன கணவனை நினைத்து ஒரு பெண் சொல்வதாக அமைந்த பாடல் அது. காசை அரசனின் கையிலிருந்து எடுத்துப் பெண்ணின் கழுத்தருகே கொண்டுவந்த அந்தப் புலவருக்கு, நாம் பேசவரும் விடயம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தெரிந்திருக்கிறது.

3

கொஸ்மஸ் சொன்ன அதே இரண்டு காசுகளும் ஏறக்குறைய அதே காலத்தில் இன்னோர் ஊருக்கும் போய்க்கொண்டிருந்தன. அந்த ஊர் மக்கா. ஹிஜ்ரி 279இல் காலமான அல்-பலாதுரி தமது 'புதூஹுல் புல்தான்' என்ற நூலின் இறுதிப் பகுதியில் நாணயங்களைப் பற்றிப் பேசுகிறார். ஜாஹிலிய்யாக் காலத்தில் ஹிரக்ளியஸின் பொன் தீனார்களும் பாரசீகரின் வெள்ளித் திர்ஹம்களும் மக்காவாசிகளிடம் வந்தன. ஆனால், அவர்கள் அவற்றை அச்சிடாத பொன் வெள்ளியைப் போல நிறுத்தே கொடுக்கல் வாங்கல் செய்தனர் என்ற செய்தியை அவர் பதிவு செய்கிறார்.

சோபாத்ரோஸின் கதையையும் இந்தச் செய்தியையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். உரோமப் பொன், பாரசீக வெள்ளி. இரண்டு பேரரசுகளின் இரண்டு முகங்கள். கொஸ்மஸின் கதையில் அவை யார் பெரியவர் என்ற போட்டிக்கு வைக்கப்படுகின்றன. அங்கே யானை வருகிறது, மேளம் வருகிறது. மக்காவின் கடைத்தெருவில் அவை தராசில் ஏறுகின்றன. எந்தச் சக்கரவர்த்தி பெரியவர் என்று அங்கு யாரும் கேட்டதாகச் செய்தியில்லை. எத்தனை மித்கால் என்பதே கேள்வி. இன்றும் ஸகாத்தின் நிஸாபை இருபது மித்கால் பொன் என்றுதான் கணக்கிடுகிறோம். காசின் எண்ணிக்கையோ முகமோ அங்கு இல்லை. நிறை மட்டுமே உண்டு.

இஸ்லாம் பரவிய பின்னரும் பல பத்தாண்டுகளுக்கு அந்த முகக் காசுகளே புழங்கின. பின்னர் அவற்றைப் போன்ற காசுகளை முஸ்லிம் ஆட்சியாளரே அடித்தனர். அவற்றிற் சிலவற்றில் படிகளின் மேலிருந்த சிலுவையின் குறுக்குக் கை எடுக்கப்பட்டு வெறும் கம்பமாக நிற்கும். ஹிஜ்ரி 74க்கும் 77க்கும் இடையில் கலீபா அப்துல் மலிக் தம் உருவத்தையே பொற்காசில் பொறித்தார். வாளைப் பற்றியபடி நிற்கும் கலீபாவின் காசுகள் இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. இதை நம்மவர் எழுத்துக்கள் பெரும்பாலும் விட்டுவிட்டுப் போகின்றன. விடக் கூடாது. ஏனென்றால், அதன் பிறகு நடந்ததன் பெறுமதி அதனாலேதான் விளங்கும். ஹிஜ்ரி 77இல், அதாவது கி.பி. 696-697இல், அதே கலீபா தம் உருவத்தையும் எடுத்துவிட்டார். காசின் இருபுறமும் எழுத்து மட்டுமே, நடுவில் கலிமா. கலீபாவின் பெயர்கூட இல்லை. நிறையும் சொலிடஸின் ஏறத்தாழ 4.5 கிராமிலிருந்து மித்காலின் 4.25 கிராமுக்கு மாறியது.

உருவத்தை அகற்றியதை மார்க்கச் சட்டத்தின் பின்னணியில் மட்டும் விளக்கிவிட முடியாது. அல்-பலாதுரியே இன்னொரு கதையும் சொல்கிறார். எகிப்திலிருந்து உரோமருக்குச் செல்லும் பப்பிரசுத் தாள்களின் தலைப்பில் இஸ்லாமிய வாசகம் எழுதப்பட்டதை உரோமச் சக்கரவர்த்தி ஆட்சேபித்தார். அது நிறுத்தப்படாவிட்டால் தமது தீனார்களில் நபிகளாரை இழிவுபடுத்தும் வாசகத்தைப் பொறிப்பதாக மிரட்டினார். அதனாலேயே அப்துல் மலிக் சொந்தமாகத் தீனார் அடிக்கத் தொடங்கினார் என்பது அக்கதை. அடுத்தவனின் காசைப் பையில் வைத்திருப்பவன், அடுத்தவனின் வாசகத்தையும் சுமக்க வேண்டி வரும் என்ற அச்சம் அதிலே இருக்கிறது. காசை வைத்திருப்பவரின் பக்கத்திலிருந்து சொல்லப்பட்ட கதை இது. அதனாலேயே சோபாத்ரோஸின் கதையைவிட இது நமக்கு நெருக்கமாக இருக்கிறது.

'தெனாரியஸ்' என்ற உரோமச் சொல்லே அறபியில் தீனார் ஆயிற்று. முகம் போய்விட்டது, சொல் தங்கிவிட்டது. நம் பேச்சிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. இலங்கையில் பொன்னைப் பவுண் கணக்கில்தான் பேசுகிறோம். எட்டுக் கிராம். ஆங்கிலேய அரசரின் முகம் பொறித்த தங்கப் பவுண்காசின் நிறை அது. அகஸ்டஸ் காலத்து ஔரியஸின் நிறையும் ஏறத்தாழ அவ்வளவே. கலியாணப் பேச்சில் இத்தனை பவுண் என்று சொல்லும் எந்த உம்மாவின் நினைவிலும் ஜோர்ஜ் மன்னர் வருவதில்லை. பேரரசுகள் தம் முகத்தைத்தான் நமக்குத் தந்தன. நம் பெண்கள் அதிலிருந்து நிறையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

4

இனி நம் எழுத்துக்குள் வருவோம். இலங்கை முஸ்லிம்களின் வரலாற்று எழுத்து ஒரு வழக்காடலாகவே பிறந்தது. பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் சோனகரின் இனத்துவம் பற்றிப் பேசி, அவர்கள் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு மறுப்பு நூல் எழுதினார். அந்த மறுப்பு அவசியமானது. அரசியற் பிரதிநிதித்துவம் பறிபோகும் நிலையில் வேறு வழியும் இருக்கவில்லை. ஆனால், அன்று தொடங்கிய வழக்கு இன்றும் நம் எழுத்தை விடவில்லை. மாந்தை, குதிரைமலை, அறபு வணிகர், பழங்காசு என்ற வரிசை நம் நூல்களில் ஒரு மனப்பாடம்போல வருகிறது. எவ்வளவு பழைமையானவர்கள் என்று காட்டினால்தான் இங்கு இருக்க உரிமை கிடைக்கும் என்ற எடுகோள் அந்த வரிசையின் அடியில் கிடக்கிறது.

மற்ற இரு தரப்பினரிடமும் இதே எடுகோள்தான். வன்னியில் இதன் விளைவுகளை நாம் கண்ணாரக் கண்டுகொண்டிருக்கிறோம். முல்லைத்தீவு மாவட்டத்தின் குருந்தூர்மலையில் 2018க்குப் பின்னர் எழுந்த பிணக்கு, இடிந்த செங்கல் ஒன்று யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதைக் காட்டியது. ஆய்வு வேண்டாம் என்பது நம் வாதமல்ல. பேராசிரியர் ப. புஷ்பரட்ணத்தின் 'பூநகரி தொல்பொருளாய்வு' 1993இல் வெளிவந்தது. போருக்கு நடுவே அவர் செய்த அந்த வேலை இல்லாவிட்டால் கிளிநொச்சி மாவட்டத்தின் மேற்குக் கரையைப் பற்றி நாம் அறிந்தது மிகக் குறைவாகவே இருந்திருக்கும். மாந்தையில் ஜோன் காஸ்வெல் குழுவினர் 1980க்கும் 1984க்கும் இடையில் நடத்திய அகழாய்வு போரினாலேயே நின்றுபோனது. அங்கு சீன மட்பாண்டமும் மேற்காசிய மெருகிட்ட மட்பாண்டமும் ஒரே மண்ணடுக்குகளிலிருந்து வந்தன. அந்த அடுக்குகள் எந்த ஒரு தரப்புக்கும் உறுதி எழுதிக் கொடுக்கவில்லை. பலர் வந்து பண்டம் மாற்றிப் போன ஒரு துறை அது. அத்துறையின் பெயர் இன்று மன்னார் மாவட்டத்தில் மாந்தை மேற்கு என்றும், முல்லைத்தீவு மாவட்டத்தில் மாந்தை கிழக்கு என்றும் இரு பிரதேச செயலகப் பிரிவுகளுக்கு இருக்கிறது.

ஆகவே, காசை எவ்வாறு வாசிப்பது? காசு புதையலாக நம் கைக்கு வருகிறதென்றால், அதைப் புதைத்தவர் திரும்பி வரவில்லை என்பது அதன் முதற் பொருள். திரும்பி வந்திருந்தால் எடுத்திருப்பார். கறுக்காக்குறிச்சியில் 501 பொற்காசுகளைப் புதைத்தவருக்கு என்ன நேர்ந்தது? படையெடுப்பா, நோயா, கடலா என்று சொல்ல யாருமில்லை. ஆனால், அக்குடும்பத்தில் ஒரு துயரம் நடந்திருக்க வேண்டும். நாணயவியலாளர் வெஸ்பேசியனின் ஆண்டை அதில் வாசிக்கிறார்கள். இலக்கியக்காரர்கள் அந்தத் துயரத்தையும் வாசிக்க வேண்டும்.

இதை விளங்கிக்கொள்ள வன்னி மக்களுக்கு அகராதி தேவையில்லை. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, நாச்சிக்குடா, விடத்தல்தீவு, எருக்கலம்பிட்டி, முசலிக் கிராமங்கள், யாழ்ப்பாணம் என்று ஏறத்தாழ 75,000 பேர். எதைக் கொண்டுபோகலாம் என்பது ஊருக்கு ஊர் வேறுபட்டது. நகைகள் பறிக்கப்பட்ட இடங்கள் பல. பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அந்த இழப்பைக் கணக்கிடுவதிலும் பதிவு செய்வதிலும் செலவிட்டார். வெளியேற்றம் குறித்த பிரஜைகள் ஆணைக்குழுவின் அறிக்கை 2011இல் வெளிவந்தது. 2009இல் அதே நிலத்தில் தமிழ் மக்கள் முள்ளிவாய்க்கால் வரை துரத்தப்பட்டபோது, பவுண்கள் அடகிலும் பதுங்குகுழியிலும் மண்ணுக்குள்ளும் போயின. அதன்பின் புலிகளின் தங்கம் தேடி நடந்த அகழ்வுகள் பத்திரிகைகளில் அடிக்கடி செய்தியாயின. 2025 மே மாதத்தில், போர்க்காலத்தில் கைப்பற்றிய பொன், வெள்ளிப் பொருட்களை இராணுவம் பொலிஸாரிடம் கையளித்தது. அவற்றிற் பெரும்பகுதி பொதுமக்களின் நகைகள் என்று நம்பப்படுகிறது.

இந்த இரண்டு பொன்னையும் ஒரே தராசில் வைத்து எது பாரமானது என்று கேட்பது சோபாத்ரோஸின் விளையாட்டாகிவிடும். இங்கே நம் எழுத்தாளர்கள் விழிப்பாக இருக்க வேண்டும். நமது இழப்பை எழுதுவதற்கு அடுத்தவரின் இழப்பைச் சிறிதாக்க வேண்டியதில்லை. ஆனால், அடுத்தவரின் இழப்பு பெரிது என்பதற்காக 1990ஐ ஓர் அடிக்குறிப்பாக்கவும் வேண்டியதில்லை. ஒவ்வொன்றுக்கும் அதனதன் நிறை உண்டு. நிறுப்பவர் முகம் பார்க்காமல் நிறுக்க வேண்டும். பிளினியின் அரசன் மெச்சிய நேர்மை அதுதான்.

அல்-குர்ஆனில் தீனார் என்ற சொல் ஒரேயொரு முறை வருகிறது. ஆலு இம்றான் அத்தியாயத்தின் 75ஆம் வசனம் அது. அன்று ஹிஜாஸில் தீனார் என்றால் உரோமச் சக்கரவர்த்தியின் முகமும் சிலுவையும் பொறித்த பொற்காசுதான். அந்த உருவத்தைப் பற்றி அவ்வசனம் எதுவும் பேசவில்லை. ஒருவரிடம் நம்பி ஒப்படைத்த பொருளைத் திருப்பிக் கொடுப்பவரையும், விடாமல் நின்று கேட்டாலன்றித் திருப்பிக் கொடுக்காதவரையும் பற்றியே அது பேசுகிறது. பொற்காசு அங்கே ஓர் அமானிதமாக வருகிறது.

மாந்தையின் பொற்காசை நம் பழைமைக்குச் சான்றாக நிறுத்துவதில் இனிப் பயனில்லை. அதைத் தொலைத்தவர் சிங்களம் பேசினாரா, தமிழ் பேசினாரா, கிரேக்கமோ பஹ்லவியோ பேசினாரா என்பது தெரியாது. அவர் அதைத் தொலைத்தார் என்பது தெரியும். யாருடைய பொன் யாரிடம் இருக்கிறது, அது திருப்பிக் கொடுக்கப்பட்டதா என்ற கேள்வியை வன்னியின் மண் இப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறது. 1990இல் பறிபோன பவுண்களின் கணக்கும், 2009இல் புதையுண்ட பவுண்களின் கணக்கும் இன்னும் தீர்க்கப்படவில்லை. அந்தக் கணக்கை எழுதி வைப்பது நம் எழுத்தாளர்களின் வேலைகளில் ஒன்று.